சின்னவர் அணியின் கடைசிக் குளிர்காலம்

நம் வயதுக்காரருக்குப் பழைய ஆட்களிடமிருந்து தொலைபேசி வந்தால் இப்போது இரண்டு காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். யாரோ போய்ச் சேர்ந்திருப்பார்கள், இல்லையென்றால் எதையோ மூடுகிறார்கள். போன மாதம் எனக்கு வந்தது இரண்டாவது வகை. நான் சின்ன வயதில் இருந்த நகரத்தின் ஐஸ் மண்டபத்தை இடிக்கப்போகிறார்களாம். அதற்கு முன், அங்கே ஐஸ் ஹொக்கி விளையாடிய அணிகளின் வரலாற்றை ஒரு சிறு புத்தகமாகப் போடுகிறார்களாம். பேசியவன் அந்தக் காலத்தில் எங்கள் அணியில் வலது பக்கம் ஓடியவன். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்து இப்போது வீட்டில் இருக்கிறான். பொழுது போகாமல் இந்த வேலையைத் தலையில் எடுத்துப் போட்டிருக்கிறான்.

"உன்னைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது" என்று டெனிஷ் மொழியில் வாசித்துக் காட்டினான். அந்தப் பருவத்தில் கோல்கீப்பராக நின்ற தமிழ்ச் சிறுமி கலாசாரக் காரணங்களால் இடையில் விலகிக்கொண்டாள் என்று எழுதியிருந்தது.

அது பிழை என்றேன். அப்படியானால் என்ன எழுதட்டும் என்று கேட்டான். யோசித்தேன். தொடங்கினால் எங்கே முடிப்பது என்று தெரியவில்லை. ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது என்றும் சொன்னான். "சரி, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டேன். பிழையைத் திருத்துவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

உங்களுக்குச் சொல்லலாம். நீங்களும் என்னைப் போல எண்பதுகளில் பிள்ளைகளாக இந்த நாட்டில் வந்து இறங்கியவர்கள். ஒரு கடிதத்துக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அப்பாவும் நானும் எண்பத்தாறில் வந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பா யாழ்ப்பாணக் கரையோரத்தில், மீன் வள்ளங்களுக்கு ஐஸ் செய்து கொடுக்கும் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தவர். இராணுவம் ஒருமுறை அவரைப் பிடித்துக்கொண்டுபோய் ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு விட்டது. இரண்டாம் முறை பிடித்தால் விடமாட்டார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். ஏஜென்ட் பயணத் திகதியைச் சொன்னபோது அம்மாவுக்கு ஏழு மாதம். அந்த வயிற்றோடு அவரால் விமானம் ஏற முடியாது. என்னை அம்மாவோடு விட்டுவிட்டுப் போகத்தான் அப்பா நினைத்திருந்தார். அம்மாதான் விடவில்லை.

"இவளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. ஷெல் அடிச்சா இந்த வயித்தோட நான் இன்னொரு ஆளையும் இழுத்துக்கொண்டு ஓடேலாது" என்றார்.

தம்பி பிறந்த செய்தி நாங்கள் அகதி முகாமில் இருந்தபோது கடிதத்தில் வந்தது. கடிதம் வந்து சேர்ந்த அன்று அவனுக்கு நாற்பது நாள் கடந்திருந்தது.

முகாமுக்குப் பிறகு, ஹொல்ஸ்டெப்ரோ என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் போகவேண்டிய அந்தச் சின்ன நகரத்தில் எங்களுக்கு வீடு கொடுத்தார்கள். தங்குவதற்கு அனுமதி கிடைத்த அடுத்த கிழமையே, அம்மாவையும் தம்பியையும் கூப்பிடுவதற்கு அப்பா விண்ணப்பம் போட்டார். ஆறு மாதத்தில் வந்துவிடுவார்கள் என்று சொன்னார்கள். எங்களுக்கு முன் வந்தவர்களுக்கு அப்படித்தான் நடந்திருந்தது.

நகரசபை அப்பாவுக்கு ஐஸ் மண்டபத்தைக் கூட்டித் துடைக்கும் வேலையைக் கொடுத்தது. "எங்க போனாலும் எனக்கு ஐஸோடதான் சீவியம்" என்று அப்பா சிரித்தார். அப்போது இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

சின்னவர் அணியின் வரலாறு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு பள்ளமான புல்வெளியில் மழைத்தண்ணீர் தேங்கி, மார்கழியில் உறைந்து போகும். அதில் தகப்பன்மார் பிள்ளைகளை விளையாட விட்டதுதான் தொடக்கம். பிறகு நகரசபை ஒரு பழைய தளபாடக் கிடங்கை எடுத்து, நிலத்தில் குழாய் பதித்து மண்டபமாக்கியது. தகரக் கூரை. வெளியே இருப்பதைவிட உள்ளே குளிர் அதிகம். பெரியவர்களுக்கு ஒரு அணி, இளைஞருக்கு ஒன்று, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒன்று. அந்தக் கடைசி அணியைச் சின்னவர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சின்னவர் அணி எப்போதும் தோற்கும். பெரிய நகரத்துப் பிள்ளைகள் பஸ் நிறைய வந்து இறங்கி, பத்து கோலுக்கு மேல் போட்டுவிட்டு, சோல்பேர் என்கிற கறுப்புப் பழச்சாற்றைச் சூடாகக் குடித்துவிட்டுப் போவார்கள்.

பயிற்சியாளர் நகர பஸ்ஸின் சாரதி. பெரிய உடம்பு, சிவந்த முகம், குறைந்த பேச்சு. சிறுவனாக அந்தப் புல்வெளியில் விளையாடியவர்களில் அவரும் ஒருவர். நான் பள்ளிக்கூடம் விட்டதும் அவருடைய பஸ்ஸில்தான் மண்டபத்துக்குப் போவேன். அப்பா வேலை முடிக்கும்வரை பார்வையாளர் படிகளில் இருந்து வீட்டுப்பாடம் செய்வேன். விரல் விறைத்தால் பேனையை வாய்க்குள் வைத்துச் சூடாக்குவேன்.

எண்பத்தேழு ஐப்பசியில் சின்னவர் அணியின் கோல்கீப்பர் தகப்பனுக்கு வேலை மாறியதால் ஓகூஸ் நகரத்துக்குக் குடிபோனான். கோலில் நிற்க ஒரு பிள்ளைக்கும் விருப்பமில்லை. பயிற்சியாளர் நிமிர்ந்து படிகளைப் பார்த்தார். அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.

"உனக்குச் சறுக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"நல்லது. அப்போ கோலை விட்டு எங்கேயும் போகமாட்டாய்."

அப்பா வந்து கால்காப்புகளைத் தூக்கிப் பார்த்தார். "உது கிரிக்கெட்டில காலுக்குக் கட்டுற பாட் மாதிரித்தானே கிடக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "விழுந்து பல்லை உடைச்சுப்போடாத. கொம்மா வந்து என்னைத்தான் கேப்பா" என்றார். அதுதான் அனுமதி.

அந்தக் கால்காப்புகளை நினைத்தால் இப்போதும் தொடை கனக்கிறது. மண்ணிறத் தோல், உள்ளே ஏதோ மயிர் அடைத்தது. ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி, ஆட்டம் முடியும்போது நனைந்த சாக்குபோல ஆகிவிடும். ஒரு வாருக்குப் பூட்டு இல்லை, சப்பாத்துக் கயிற்றால் கட்டுவோம். முகமூடிக்குள் எனக்கு முன் நின்ற பையனின் சூயிங்கம் மணம் போகவே இல்லை. பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு பலகையில் மோதும்போது தகரக் கூரை முழுக்க அதிரும். முதல் இரண்டு கிழமை நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். மூன்றாம் கிழமை கண்ணைத் திறந்தேன். திறந்த பிறகு, வட்டு எங்கிருந்து வரப்போகிறது என்று அடிப்பவனின் தோளைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்தது. ஏன் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது. வீட்டில், பள்ளிக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், எங்கே போனாலும் அம்மாவைப் பற்றிக் கடிதம் வந்ததா என்று யாராவது கேட்பார்கள். கோலில் நிற்கும்போது ஒருவரும் கேட்கமாட்டார்கள். வட்டு வரும், தடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

வைலேக்கு ஒரு ஆட்டத்துக்குப் போனபோது பஸ்ஸில் பையன்கள் ஏதாவது தமிழில் கத்து என்று கரைச்சல் கொடுத்தார்கள். "விடாத!" என்று கத்தினேன். அர்த்தம் கேட்டார்கள், சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் பன்னிரண்டு தலைக்கவசங்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு "விடாத, விடாத" என்று கத்தும். அப்படியும் வைலேயில் ஒன்பது கோல் விட்டோம்.

அதே ஐப்பசியில்தான் யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியது. ஏழு கிழமை ஒரு கடிதமும் இல்லை. அப்பா காலையும் மாலையும் வானொலிப் பெட்டியைக் காதோடு வைத்துக்கொண்டு இருப்பார். சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். கடைசியில் நீல நிற விமானத் தபால் ஒன்று வந்தது. அம்மாவும் தம்பியும் கோயிலுக்குள் பாயில் படுத்துக் கிடந்து தப்பியிருந்தார்கள். அப்பா அதைப் பஸ் நிறுத்தத்தில் வைத்தே வாசித்துவிட்டு, வீதி என்றும் பார்க்காமல் குந்தியிருந்து அழுதார். பஸ் வந்து நின்றது. பயிற்சியாளர் கதவைத் திறந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிந்துகிறது என்று அவர் ஹோர்ன் அடிக்கவில்லை.

மார்கழித் தொடக்கத்தில் ஒரு நாள் மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அப்பா அப்படியே நின்றார். "சத்தம் பிழை" என்றார். ஐஸை உறைய வைக்கும் மெசின் ஓடும் சத்தத்தைத்தான் சொன்னார். எனக்கு அது எப்போதும் போலத்தான் கேட்டது. மண்டபப் பொறுப்பாளரிடம் போய், தனக்குத் தெரிந்த பத்து டெனிஷ் சொற்களில், மெசினுக்குச் சுகமில்லை என்றார். பொறுப்பாளர் அன்பாகச் சிரித்து, ஒரு கோப்பியை ஊற்றிக் கொடுத்து, கூட்டுகிற தும்புத்தடியைக் காட்டினார். நான்காம் நாள் மெசின் நின்றுவிட்டது. சனிக்கிழமை ஆட்டம் நடக்கவேண்டிய இடத்தில் கணுக்கால் நனையத் தண்ணீர் நின்றது. திருத்துபவர் திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள்.

பயிற்சியாளர்தான் அப்பாவின் கையைப் பிடித்து மெசின் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அப்பா குழாய்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தடவினார். ஒன்றில் கையை நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு சேர்ட்டின் கையை மடித்தார். அன்று பின்னேரம் மெசின் ஓடியது, அடுத்த நாள் காலை ஐஸ் உறைந்திருந்தது. பொறுப்பாளர் அதற்குப் பிறகு அப்பாவை 'எஞ்சினியர்' என்று கூப்பிட்டார். தும்புத்தடியை ஒருவரும் திரும்ப வாங்கவில்லை.

அந்தக் கிழமை பயிற்சியாளர் ஒரு கேக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன்.

"உன் அம்மா எங்கே?" என்று கேட்டார். அவ்வளவு நாளும் அவர் கேட்டதில்லை. நான் சொன்னேன். அப்பா விண்ணப்பத்தின் பிரதியைக் கொண்டுவந்து காட்டினார். பயிற்சியாளர் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"இது நியாயமில்லை" என்றார்.

"என்னவாம்?" என்று அப்பா கேட்டார்.

நியாயம் என்ற சொல் எனக்கு அப்போது தமிழில் வரவில்லை. "பாவமாம்" என்றேன்.

தை மாதத்தில் நாங்கள் ஒரு ஆட்டம் வென்றோம். ஒன்றே ஒன்று. பக்கத்து ஊர் அணியோடு, இரண்டுக்கு ஒன்று. கடைசி நிமிடத்தில் ஒருவன் தனியே வந்தான். நான் குறுக்கே விழுந்தேன். வட்டு கால்காப்பில் பட்டு எங்கேயோ போனது. என் மேல் மற்றப் பதினொரு பேரும் விழுந்தார்கள். எழும்பியபோது உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் முன்னால் நின்றார். முகமூடியை மேலே தள்ளச் சொன்னார். தள்ளினேன். சிரிக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் சிரித்தேன்.

படம் பெரிதாக வந்தது. மேலே, 'ஐஸில் கிடைத்த புது வீடு' என்று தலைப்பு. அப்பா இரண்டு பத்திரிகை வாங்கினார். ஒன்றிலிருந்து படத்தை நேராக வெட்டி, அம்மாவுக்கு அனுப்புவதற்காகக் கடித உறைக்குள் வைத்து, விலாசமும் எழுதி மேசையில் வைத்திருந்தார். அடுத்த நாள் ஞாயிறு, தபாலகம் பூட்டு. அன்றுதான் மொழிபெயர்ப்பு மாமா வந்தார்.

அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. எங்களுக்கு இரண்டு வருடம் முந்தி வந்து, டெனிஷ் படித்து, ஹொல்ஸ்டெப்ரோவில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சுற்றுவட்டாரத்தில் எல்லாத் தமிழருடைய விண்ணப்பங்களையும் ஒரு சதமும் வாங்காமல் அவர்தான் நிரப்பிக் கொடுத்தார். படத்தைப் பார்த்தார். தலைப்பை வாசித்தார். முகம் மாறிவிட்டது. அப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, நான் ஒண்டு சொன்னாக் குறை நினையாதையும். தாயில்லாமல் பிள்ளை தவிக்குது எண்டெல்லோ விண்ணப்பத்தில எழுதினனாங்கள்? நான்தானே எழுதித் தந்தனான்?"

"ஓம் அண்ணை."

"இப்ப விசாக் குடுக்கிறவங்கள் இதைப் பாத்தா என்ன நினைப்பாங்கள்? பிள்ளைக்கு வீடு கிடைச்சிட்டுதாம், சிரிச்சுக்கொண்டு நிக்குது, இனித் தாய் என்னத்துக்கு எண்டு கேக்கமாட்டாங்களோ?"

"உள்ளூர்ப் பேப்பர்தானே அண்ணை. கொப்பன்ஹேகனில ஆர் பாக்கப்போகினம்?"

"எல்லாத்தையும் வெட்டி ஃபைலுக்குள்ள வைப்பாங்கள். உமக்கு இந்த நாட்டைத் தெரியாது. ஆறு மாதத்தில வாறது ஏன் இவ்வளவு நாளாயும் வரேல்ல எண்டு நினைக்கிறீர்? எங்கயோ ஒரு பிழை இருக்கு."

அவர் கெட்டவர் இல்லை. இப்போது எனக்கு அவருடைய அந்த நாளைய வயதைவிடக் கூட வயது. என்னால் அவரைக் கோபிக்க முடியவில்லை. யாருக்கும் விளங்காத ஒன்றுக்கு அவர் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துத் தந்தார். காரணம் தெரியாமல் காத்திருப்பதைவிட, பிழை நம்முடையதுதான் என்று நம்புவது அப்பாவுக்குச் சுலபமாக இருந்தது. நம் பிழை என்றால் நாமே திருத்தலாம் அல்லவா?

மாமா போன பிறகு அப்பா உறையிலிருந்து படத்தை எடுத்துக் கிழித்தார். மற்றப் பத்திரிகையையும் கிழித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இனி விளையாடவேண்டாம், பிள்ளை."

ஏன் என்று டெனிஷில் கேட்டேன். கோபம் வந்தால் எனக்கு அந்த மொழிதான் வரும்.

"அம்மா வரவேணும் எண்டா விளையாடவேண்டாம்" என்றார்.

அதற்கு மேல் ஒரு பதினொரு வயதுப் பிள்ளை என்ன கேட்கும்?

அடுத்த நாள் மண்டபத்தில் பயிற்சியாளரிடம் சொல்லவேண்டியிருந்தது. அதையும் நான்தான் மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. "படிப்பு இருக்காம், விளையாட நேரமில்லையாம் எண்டு சொல்லு" என்றார் அப்பா. சொன்னேன். பயிற்சியாளர் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"நீ என்ன சொல்கிறாய்?"

"படிப்பு இருக்கிறது" என்றேன்.

"என்ன கேக்கிறார்?" என்றார் அப்பா.

"ஒண்டுமில்லை. சரியாம்."

வகுப்பில் ஆசிரியை, அவர்களுடைய பண்பாட்டில் பெண்பிள்ளைகள் பையன்களோடு விளையாடக் கூடாது, நாம் அதை மதிக்கவேண்டும் என்று மற்றப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினார். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அதுவும் ஃபைலுக்குள் போய்விடும் என்று பயந்தேன்.

அதன் பிறகு வீட்டில் புதிய விதிகள் வந்தன. யார் படம் எடுத்தாலும் சிரிக்கக் கூடாது. அம்மாவின் பதில் கடிதங்களை விண்ணப்பத்தோடு சேர்க்கலாம் என்று மாமா சொல்லியிருந்ததால், அப்பா அம்மாவுக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும், பிள்ளை உம்மை நினைத்து ஒவ்வொரு நாளும் அழுகிறாள், சாப்பிடுகிறாள் இல்லை என்று எழுதினார். அதைப் பார்த்து அம்மாவும் பதிலில் அப்படியே எழுதுவார் என்பது எண்ணம். கீழே நானும் ஒரு வரி எழுதவேண்டும். 'கெதியா வாங்கோ அம்மா' என்று எழுதுவேன். அது பொய் இல்லை. ஆனால் நான் ஒவ்வொரு நாளும் அழவும் இல்லை.

அப்பாவின் வேலை அங்கேதான் என்பதால் நான் பழையபடி படிகளில்தான் இருந்தேன். கீழே அணி பயிற்சி செய்யும். பங்குனியில் பருவத்தின் கடைசி ஆட்டம். என் கால்காப்புகளைக் கட்டிக்கொண்டு கோலில் நின்றவன் வலது பக்கம் ஓடும் அந்தப் பையன். போன மாதம் என்னை அழைத்தானே, அவன்தான். பதினொன்றுக்கு இரண்டு. எட்டாவது கோல் போனபோது அவன் முகமூடியைக் கழற்றாமலே அழுதான். தோள் குலுங்கியதில் தெரிந்தது. பயிற்சியாளர் ஒரே ஒரு தரம் படிகளைத் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து கணக்குச் செய்வதுபோல இருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து நான் அவருடைய பஸ்ஸில் ஏறவில்லை. அந்த வசந்தம் முழுக்க நாற்பது நிமிடம் நடந்தேன். முதல் சில நாட்கள் அவர் என்னருகே பஸ்ஸை மெதுவாக்கினார். பிறகு விட்டுவிட்டார்.

அடுத்த ஐப்பசியில் சின்னவர் அணி இல்லை. மண்டபத்தில் அவர்களுடைய நேரத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பையன்களில் பாதிப் பேர் உதைபந்தாட்டத்துக்குப் போனார்கள். கோல்கீப்பர் இல்லாததால்தான் அணி முடிந்தது என்று நான் எனக்குள் முடிவு செய்துகொண்டேன். அம்மாவோ அணியோ, இரண்டில் ஒன்றுதான் என்றால் அம்மாதான். இரவல் சட்டையை அழுக்காக்கிவிட்டதுபோல ஒரு கூச்சம் மட்டும் போகவில்லை.

அம்மாவும் தம்பியும் எண்பத்தொன்பது ஆவணியில் வந்தார்கள். தம்பிக்கு மூன்று வயது ஆகப்போகிறது. அப்பாவைக் கண்டதும் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தான். நான் அம்மாவைவிட உயர்ந்திருந்தேன். அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "மெலிஞ்சு போனாய்" என்றார். நான் மெலியவில்லை.

அம்மா என்னை ஒரு நோயாளியைப் போலப் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டு ஐந்து நிமிடம் பிந்தினால் வாசலில் நிற்பார். நான் பேசாமல் இருந்தால் பக்கத்தில் வந்து இருப்பார். சோற்றை முடிக்கும்வரை எழும்பமாட்டார். தோழி வீட்டில் பிறந்தநாள் என்றால், "உனக்கு ஏலுமோ பிள்ளை?" என்று கேட்பார். ஏன் இப்படி என்று எனக்கு விளங்கவில்லை. எரிச்சல்தான் வந்தது. அம்மாவோடு நான் சண்டை பிடித்த அந்த வருடங்களை இப்போது யாராவது திருப்பித் தந்தால் நன்றாக இருக்கும்.

பிறகு தொண்ணூற்றுமூன்று தை. உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நீதிபதி எழுதிய தடித்த அறிக்கை வெளிவந்து, அரசாங்கமே விழுந்த நாட்கள். தொலைக்காட்சியில் நாள் முழுக்க எங்களைப் பற்றித்தான் பேச்சு. எனக்குப் பதினாறு வயது. அப்பாவுக்கு நான் வரிக்கு வரி சொன்னேன். தமிழர் தங்கள் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களை அமைச்சர் நிறுத்தி வைக்கச் செய்தார், சட்டத்துக்கு மாறாக அவை கிடப்பில் கிடந்தன என்று.

"எங்கடயை மட்டுமோ?" என்று அப்பா கேட்டார்.

"இல்லை அப்பா. எல்லாற்றையும்."

"அந்தப் படத்தைப் பற்றி ஏதும்..."

"இல்லை அப்பா. அதை ஒருதரும் பாத்திருக்கமாட்டினம்."

அப்பா எழும்பிப் போய், ஏற்கனவே கழுவி வைத்திருந்த கோப்பைகளை எடுத்து மறுபடி கழுவினார்.

அந்த ஞாயிறு மொழிபெயர்ப்பு மாமா வந்தார். தேத்தண்ணியைத் தொடாமல் இருந்தார். பிறகு, "தம்பி, நான் நல்லதுக்கெண்டுதான் சொன்னனான்" என்றார்.

"தெரியும் அண்ணை. தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது" என்றார் அப்பா.

அடுத்த சனிக்கிழமை அப்பா என்னைப் பயிற்சியாளர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் முதுகு வருத்தத்தால் பஸ் ஓட்டுவதை விட்டிருந்தார். இந்த முறை அப்பா என்னை மொழிபெயர்க்கவிடவில்லை. தன்னுடைய உடைந்த டெனிஷிலேயே சொன்னார். தான் அன்று பொய் சொன்னதை, படத்துக்குப் பயந்ததை, பிள்ளையை நிறுத்தியதை. சொல் வராத இடத்தில் மேசையில் கையால் வரைந்து காட்டினார்.

பயிற்சியாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டது நான்தான்" என்றார். "ஊர் முழுக்க இவளை அறிந்துவிட்டால், கொப்பன்ஹேகனில் யாராவது வெட்கப்பட்டு உன் மனைவியைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஒருவர் அம்மாவைக் கொண்டுவரும் என்று போட்ட படம். மற்றவர் அம்மாவை வரவிடாது என்று கிழித்த படம். அம்மாவின் ஃபைல் எங்கேயோ ஒரு அலுமாரியில் மற்ற ஃபைல்களோடு சும்மா கிடந்தது.

எழும்பும்போது நான் அணியைப் பற்றிக் கேட்டேன். என்னால்தானா முடிந்தது என்று. அவருக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை.

"இல்லை பிள்ளை. சின்னவர் அணியை மூடுவதென்று அந்தக் கிறிஸ்மஸுக்கு முன்பே முடிவெடுத்துவிட்டார்கள். உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை" என்றார். "சொல்லியிருக்கவேண்டும்."

வீட்டுக்கு வந்தோம். அன்று பின்னேரம் தோழிகளோடு வெளியே போவதாக இருந்தேன், அம்மா இன்னும் சரி சொல்லவில்லை. எங்கே போனீர்கள் என்று அம்மா கேட்டார். அப்பா நடையிலேயே நின்றுவிட்டார். நான்தான் சொன்னேன். நான் ஐஸில் விளையாடியது அம்மாவுக்கு அதுவரை தெரியாது. கால்காப்பு, பஸ், வென்ற ஆட்டம், படம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தவில்லை. படத்தைச் சொன்னபோதுதான் கத்தியை வைத்தார்.

"அதில நீ சிரிச்சுக்கொண்டோ நிண்டனி?"

"ஓம் அம்மா."

"படத்துக்குச் சிரிச்சனியோ, உண்மையாச் சிரிச்சனியோ?"

அம்மா இல்லாமல் நான் சந்தோசமாக இருந்தேன் என்று அம்மாவிடமே எப்படிச் சொல்வது? ஆனால் பொய் சொல்லிச் சொல்லி எல்லாரும் களைத்துப்போயிருந்தோம்.

"உண்மையாத்தான்" என்றேன்.

அம்மா அழுதார். நான் பயந்துபோய்க் கிட்டப் போனேன். அவர் தலையை ஆட்டினார்.

"பிள்ளை அழுகிறாள், சாப்பிடுறாள் இல்லை எண்டு வந்த கடிதங்களைத்தான் அந்த ரெண்டு வருசமும் நான் வைச்சு வாசிச்சனான். ஆமி வீதியில நிக்க, கதவைப் பூட்டிப்போட்டுத் தம்பியை மடியில வைச்சுக்கொண்டு வாசிப்பன். என்ர பிள்ளையை நானே அனுப்பிச் சாக்கொல்லுறன் எண்டு நினைப்பன். நீ சிரிச்ச படம் ஒண்டு வந்திருந்தா..."

அப்பா குசினி வாசலில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"அனுப்பியிருக்கவேணும்" என்றார்.

அவர் தன் பிழையை எங்களுக்கு முன்னால் சொன்னது அந்த ஒரு முறைதான். அம்மா கண்ணைத் துடைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். அப்பா கோட்டோடேயே வந்து, அம்மாவுக்கு முன்னால் இருந்து, மிச்சக் கத்தரிக்காயை வாங்கி வெட்டத் தொடங்கினார். அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நோயாளியைப் பார்ப்பது இல்லை.

"நீ நிக்காத, போ" என்றார். "உன்ர சிநேகிதப் பிள்ளையள் காத்துக்கொண்டு நிப்பினம். போட்டு வா."